கடைசிப் பந்திக்கு இணையம் எப்படிப் போகிறது?

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது கணியம்பாடி. ஒன்றிய அலுவலகம், ரயில் நிலையம், கடைத்தெரு எல்லாம் உள்ள ஊர். இங்கிருந்து பிரியும் சாலை அமிர்திக் காட்டுக்குப் போகிறது. அமிர்தி, ஜவ்வாது மலையின் அடிவாரம். அதற்கு மேலே மலைதான். வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் அந்த மலையில் பங்கு வைத்திருக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் அங்கே சிறு சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன.

கணியம்பாடிக் கடைத்தெருவில் ஒருவர் டீ குடித்துவிட்டு, ஒட்டியிருக்கும் கட்டத்துக்கு நேரே போனைக் காட்டுகிறார். பத்து ரூபாய் வந்துவிட்டதென்று கடைக்காரரின் பெட்டி உரக்கச் சொல்கிறது. மலைமேல் ரேஷன் கடையில் ஒரு பாட்டி மிஷினில் விரல் வைத்துவிட்டு நிற்கிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது. விரலை முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். மறுபடியும் வட்டம். "டவர் இல்ல பாட்டி, நாளைக்கு வாங்க" என்பதோடு அன்றைய அலைச்சல் முடிகிறது.

டவர் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் டவர் கண்ணெதிரே நிற்கிற ஊரிலும் வட்டம் சுற்றத்தான் செய்கிறது. அப்படியானால் எங்கேயோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. எந்தக் கண்ணி என்று தெரிந்தால்தான் யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியும். ஆகவே சமையல்கூடம் முதல் இலை வரை ஒருமுறை நடந்து பார்ப்போம். இதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் வாளி தூக்கிப் பந்தி பரிமாறியிருந்தால் போதும். கடைசி வரை அந்தக் கல்யாண வீட்டை விட்டு நாம் வெளியே போகப் போவதில்லை.

முதலில் சமையல்கூடம். கல்யாண மண்டபத்தில் சோறு இலையில் விளைவதில்லை, பின்கட்டில் வேகிறது. போனில் நாம் பார்ப்பதும் அப்படித்தான். படம், பாட்டு, ரேஷன் கணக்கு, பரீட்சை முடிவு எதுவும் போனுக்குள் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையில், வரிசை வரிசையாக ஓடும் கணினிகளில் இருக்கிறது. அவற்றைத்தான் சர்வர் என்கிறோம். விரல் ரேகையைச் சரிபார்க்கும் ஆதார் ஆணையத்தின் கணினிகள் பெங்களூரிலும் ஹரியானாவின் மானேசரிலும் இருக்கின்றன. மலைமேல் பாட்டி வைத்த ரேகை மலையை விட்டு இறங்கி, சமவெளியைத் தாண்டி, அங்கே போய், "ஆமாம், இவர்தான்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். சில விஷயங்கள் நாட்டுக்கு வெளியிலிருந்தும் வருகின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 3,200 கி.மீ. நீளத்துக்கு ஒரு கேபிள் 2002 முதல் ஓடுகிறது, அதன் பின் இன்னும் சில கேபிள்கள் சென்னையில் கரையேறியிருக்கின்றன. ஆக, சமையல்கூடத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. அடுப்பு எரிகிறது, அண்டா நிறைய இருக்கிறது.

அடுத்து, அண்டாவை அப்படியே யாரும் தூக்கிக்கொண்டு பந்திக்கு வருவதில்லை. வாளியில் மொண்டுதான் கொண்டுவருவார்கள். இணையமும் எதையும் முழுதாக அனுப்பாது. சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்பும். அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். ஒரு பாக்கெட்டில் பொதுவாக அதிகபட்சம் 1,500 பைட் பிடிக்கும். போனில் எடுத்த 3 எம்.பி. போட்டோ ஒன்றை அனுப்ப வேண்டுமானால் சுமார் 2,000 வாளி ஆகும். ஒவ்வொரு வாளியிலும் எந்த இலைக்கு, எத்தனையாவது வாளி என்று எழுதியிருக்கும். இலையில் உட்கார்ந்திருப்பவர் வந்ததற்கெல்லாம் "வந்தது, வந்தது" என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவில் ஒரு வாளி கொட்டிப்போனால் பதில் வராது. உடனே சமையல்கூடம் அதே வாளியை மறுபடி அனுப்பும்.

வட்டம் ஏன் சுற்றுகிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. வழி மோசமாக இருந்தால் வாளிகள் கொட்டுகின்றன. கொட்டியதை மறுபடி அனுப்புகிறார்கள், அதுவும் கொட்டுகிறது. பதில் வராததால், வழியில் கூட்டம் அதிகம் போலிருக்கிறது என்று சமையல்கூடம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாம் பார்க்கும் வட்டம் சும்மா சுற்றவில்லை. கொட்டிப்போன வாளிக்காகக் காத்திருக்கிறது.

இனி, சமையல்கூடத்திலிருந்து பந்திக் கூடத்துக்கு வரும் பாதை. ஊர்களுக்கு நடுவே இது கண்ணாடி இழைக் கேபிள். ஓர் இழையின் மொத்தத் தடிமனே மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி ஓடுகிற பகுதி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடவும் மெலிது. அதற்குள் ஒளியை அணைத்து அணைத்து ஏற்றித்தான் செய்தி போகிறது. கண்ணாடி அவ்வளவு சுத்தமானது, 15 கி.மீ. ஓடிய பிறகும் பாதி வெளிச்சம் மிச்சம் இருக்கும். வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. சென்னையிலிருந்து கணியம்பாடி சுமார் 150 கி.மீ. என்று வைத்தால், போய்த் திரும்ப ஒளிக்கு ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடிகூட ஆகாது. ஆகவே மலை தூரமாக இருப்பதால்தான் இணையம் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னைக்கும் மலைக்கும் உள்ள தூரம் ஒளிக்கு ஒரு பொருட்டே இல்லை. தகராறு எல்லாம் கடைசிச் சில கிலோமீட்டரில்தான்.

சாலையோரத்தில் கேபிள் அறுந்த இடத்தில் குடை விரித்து உட்கார்ந்து ஜாயிண்ட் அடிப்பவரை வாய்ப்புக் கிடைத்தால் நின்று பாருங்கள். கறுப்பு உறையைக் கீறி உள்ளே இருப்பதைப் பிரிப்பார். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று பன்னிரண்டு நிறத்தில் இழைகள் வரும், நிறம் பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். ஓர் இழையின் மேல்பூச்சை உரித்து, ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைத்து, ஒரு சின்னக் கருவியில் வைத்து நுனியை நேராக வெட்டுவார். எதிர்ப்பக்க இழைக்கும் அப்படியே. இரண்டு நுனியையும் மிஷினில் எதிரெதிரே வைத்து மூடியதும், திரையில் இரண்டு கோடுகள் மெல்ல நெருங்குவது தெரியும். மின்பொறி ஒன்று பட்டென்று அடிக்கும், கண்ணாடி உருகி ஒன்றாகிவிடும். ஒரு தூசு ஒட்டியிருந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒவ்வோர் இழையாக முடித்து, உறை மாட்டிச் சூடு காட்டி, பெட்டிக்குள் சுருட்டி வைத்தால்தான் ஊருக்கு உயிர் வரும். நெட் வரவில்லை என்று நாம் கோபப்படும் பல நாட்களில் இப்படி ஓர் ஆள் எங்கோ வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இழையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. பின்னால் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. நாட்டில் உள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் இழை போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கென்றே மாநில அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது, டான்ஃபினெட் என்பார்கள். சுமார் 1,815 கோடி ரூபாயில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 1 ஜி.பி.பி.எஸ். வேகத்தில் இணைப்பு என்பது இலக்கு. ஒரே நேரத்தில் சுமார் இருநூறு பேர் தெளிவான வீடியோ பார்க்க அது போதும். மண்ணைத் தோண்டிப் புதைக்கச் செலவும் நாளும் அதிகம் என்பதால், பெரும்பகுதிக் கேபிள் மின்கம்பங்கள் மேலேயே இழுக்கப்படுகிறது.

கணியம்பாடி போன்ற ஒன்றியத் தலைமை ஊர், பந்திக் கூடத்து வாசலில் போட்ட மேசை மாதிரி. பின்கட்டிலிருந்து வருகிற அண்டாக்களெல்லாம் முதலில் அங்கே வந்து இறங்கும். அங்கிருந்து எந்தப் பந்திக்கு எந்த வாளி என்று பிரித்து அனுப்புவார்கள். ஒன்றியத்தில் உள்ள பெட்டியிலிருந்து கிளம்பும் ஓர் இழையின் ஒளியை, வழியில் ஒரு சின்னக் கண்ணாடிப் பிரிப்பான் முப்பத்திரண்டு கிளை வரை பங்கு போட்டுக் கொடுக்கும். அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டாம். ஊராட்சி அலுவலகத்தில் மாட்டியிருக்கும் கடைசிப் பெட்டி ஒளியை வாங்கி மின்குறியாக மாற்றும். அதற்கு மின்சாரம் வேண்டும்.

சமவெளி ஊராட்சியென்றால் இந்தப் பெட்டியிலிருந்து பள்ளிக்கூடம், ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம் எல்லாம் கூப்பிடு தூரம். மலை ஊராட்சி அப்படி இல்லை. வேலூர் மாவட்டத்தின் மலைப் பகுதியில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மூன்று ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் குக்கிராமங்கள் காட்டுக்குள் பிரிந்து பிரிந்து கிடக்கின்றன. பெட்டி வரைக்கும் இழை போனால் கணக்கில் அந்த ஊராட்சி 'இணைக்கப்பட்டது' ஆகிவிடும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குக்கிராமத்துக்கு இலைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். திட்டக் கணக்கைப் படிக்கும்போது நாம் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி இது: பெட்டி வந்ததா, வீடு வந்ததா?

மலைக்கு இழையை ஏற்றுவதிலும் சிக்கல் உண்டு. சமவெளியில் ஊர்களை வளையமாகக் கோத்துவிடலாம். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றிக்கொண்டு வரும். மலைக்கு வழி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். புயலில் ஒரு கிளை கேபிள்மேல் விழுந்தால் மேலே உள்ள ஊர் முழுக்க இருட்டு. பழுது பார்க்கும் வண்டியும் அதே சாலையில்தான் ஏறி வர வேண்டும். 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை சேர முடியாமல் இறந்துபோனது. பெற்ற தாய் உடலைச் சுமந்துகொண்டு நடந்தாள். ஆம்புலன்ஸ் ஏறாத பாதையில் ஜாயிண்ட் அடிக்கும் மிஷினும் ஏறாது. சாலையையும் இணையத்தையும் தனித்தனித் துறையாகப் பிரித்துப் பார்ப்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே முடிகிற காரியம்.

இழை ஏறாத இடத்துக்கு இன்னொரு வழி, காற்று. டவரில் மத்தளம் போலத் தெரியும் வட்டத் தட்டு, எதிரே வெகு தூரத்தில் உள்ள இன்னொரு தட்டோடு நேருக்கு நேர் பேசும். இது மைக்ரோவேவ் இணைப்பு. இரண்டு தட்டுக்கும் நடுவே மலையோ மரமோ குறுக்கிடக் கூடாது. மலையுச்சியில் நிற்பவருக்குச் சமவெளி தெரியும் என்பதால் இந்த வழி மலைக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் இழை என்கிற அகலமான பாதையோடு இதை ஒப்பிட முடியாது. ஒற்றை ஆள் மாடிப்படியில் நின்று கைமாற்றிக் கொடுக்கும் வாளி இது. கனமழையில் அலை தேய்ந்துபோகும், பலத்த காற்றில் தட்டு கொஞ்சம் திரும்பினாலும் பேச்சு அறுந்துவிடும். டவர் நிமிர்ந்து நிற்கிறது, போனில் நான்கு புள்ளி காட்டுகிறது, ஆனாலும் எதுவும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் இந்த மாடிப்படியில்தான் கோளாறு. பரிமாறுபவர் பந்தியில் நிற்கிறார், அவர் கையில் வாளி வந்து சேரவில்லை.

இப்போது பந்திக்கே வந்துவிட்டோம். ஒரு டவரில் வழக்கமாக மூன்று பக்கமாக ஆண்டெனா வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு பந்தி. அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே வாளிதான். 4ஜி-யில் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை, அடுத்த கரண்டி யாருக்கு என்று டவர் முடிவு செய்கிறது. பத்துப் பேர் இருந்தால் எல்லாருக்கும் தாராளம். சாயந்திரம் எல்லாரும் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று சுருங்கும். டவரிலிருந்து தள்ளி, பாறை மறைவில் இருப்பவருக்குப் பரிமாறுவது இன்னும் கடினம். அவருக்குச் சிந்தாமல் கொட்டாமல் மெதுவாகத்தான் ஊற்ற முடியும். ஆகவே அதே அளவு சாம்பாருக்கு அவரிடம் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. பந்தி முழுக்கவே தாமதமாகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. போனில் தெரியும் புள்ளிகள், டவர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டுவதில்லை. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. போனின் சக்தி அதிகபட்சம் ஐந்தில் ஒரு வாட். பந்தியில் பரிமாறுபவர் ஒலிபெருக்கியில் பேசுகிறார், மூலையில் உட்கார்ந்தவர் "இங்க சாம்பார்" என்று வெறும் வாயால் கூப்பிடுகிறார் என்று வையுங்கள். இவருக்கு அவர் குரல் நன்றாகக் கேட்கும், அவருக்கு இவர் குரல் எட்டாது. இரண்டு புள்ளி இருந்தும் போட்டோ மேலே ஏறாததற்கு இதுவே காரணம். மலை ஊர்களில் போனை ஓர் உயரமான பாறைக்கோ மரத்துக்கோ கொண்டுபோய்ப் பேசுகிறார்களே, அது சரியான வைத்தியம். மறைவு விலகினால் பலவீனமான குரலும் போய்ச் சேரும்.

ஓ.டி.பி. மட்டும் டக்கென்று வருகிறதே என்று கேட்பீர்கள். அது எஸ்.எம்.எஸ். நூற்று நாற்பது பைட்டில் அடங்கும் செய்தி. நெட் ஓடும் வழியில் அது வருவதில்லை. டவரும் போனும் தங்களுக்குள் குறிப்புப் பேசிக்கொள்ளும் தனி வழியில் வருகிறது. சாம்பார் வாளி வராத இலைக்கும் உப்பு வந்துவிடுகிற மாதிரி. ஆனால் வந்த எண்ணைத் தட்டிப் போட வேண்டிய பக்கம் நெட்டில்தான் திறக்க வேண்டும். அது திறப்பதற்குள் எண்ணின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

டவரே எட்டாத ஊர்களுக்காக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாடு முழுக்க 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் வேலை பி.எஸ்.என்.எல்.லிடம் தரப்பட்டது. உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி கருவிகளோடு அந்த வலையமைப்பு 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. லாபம் பார்க்கும் கம்பெனி, நூறு வீட்டுக்காக மலையில் டவர் நடாது. நட்டால் கட்டுபடியாகாது என்பது அவர்கள் கணக்கு. கடைசிப் பந்திக்கு இலை போடுவது அரசின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டவர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கண்ணி கரண்ட். கரண்ட் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பேட்டரி தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர் வேண்டும், டீசலை மலைக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ்நாடு உலகத்துக்கே ஒரு பாடம் தந்திருக்கிறது. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, வீட்டில் வைக்கும் வைஃபை வகைக் கருவியையே ஒரே திசையில் குவியும் ஆண்டெனாவோடு மாட்டி, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமப் பார்வை மையங்களைத் தேனியோடு இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்தபடியே நோயாளிகள் டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டினார்கள். அலை நன்றாகவே போனது. கருவிகளைக் கொன்றது கரண்ட். கரண்ட் போவதைவிட, ஏறி இறங்கி வருவதுதான் கெடுதல் செய்தது. திடீர் ஏற்றத்தில் போர்டுகள் கருகின, பாதி மின்னழுத்தத்தில் கருவிகள் அரைகுறையாக எழுந்து அப்படியே நின்றுபோயின. அதன் பிறகு அவர்கள் தாழ்ந்த மின்னழுத்தத்தில் கருவியைத் துண்டித்துவிடும் சின்னச் சுற்றுகளைச் சேர்த்தார்கள், மையத்தில் வேலை செய்யும் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்தக் கடைசி வேலையைத்தான் கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பு என்கிறோம். நல்ல கல்யாணத்தில், இலை இலையாகப் போய் "பாயசம் வந்ததா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா" என்று கேட்க ஒரு பெரியவர் இருப்பார். அவர் இல்லாத கல்யாணத்தில் அண்டா நிறைய இருந்தாலும் ஜனம் அரைவயிற்றோடு எழுந்து போகும். ஊர்ப்புற இணையம் தோற்ற இடங்களிலெல்லாம் இந்த ஆள் இல்லை. மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் 2001-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் கிராம இணைய மையங்கள் திறந்தார்கள். ஊர்க்காரர்களே நடத்திய கடைகள் அவை. தொடக்கம் அமர்க்களமாக இருந்தது. பழுது பார்க்கும் உதவி குறைந்து, வருமானம் போதாமல், சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடிப்போயின.

புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய கிராம அறிவு மையங்கள் வேறு வழியில் போயின. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஊர் ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். போன் இல்லாத, படிக்கத் தெரியாத மீனவரும் கடலுக்குப் போகலாமா என்று தெரிந்துகொண்டார். இணைப்பு ஒரே இடத்தில் இருந்தது, பலன் எல்லா இலைக்கும் போனது.

கணியம்பாடிக்கே சொந்தமான உதாரணமும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் வேலை செய்கிறது. ஊரில் உள்ள பெண் சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாவற்றையும் கேட்டு வருவார். அதை நர்ஸ் சரிபார்ப்பார், அவருக்கு மேலே டாக்டர் பார்ப்பார். 1980-களிலேயே இந்தக் கணக்குகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பொதுமக்களுக்கு இந்தியாவில் இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-இல்தான். கம்பியும் இல்லை, டவரும் இல்லை, ஆனால் கிராமத்துச் செய்தி கணினிக்குப் போய்ச் சேர்ந்தது. காரணம், ஒவ்வொரு கண்ணியிலும் விசாரிக்க ஓர் ஆள் இருந்தார்.

இவ்வளவு கண்ணிகளும் தாங்கினால்தான் பாட்டியின் விரலுக்குப் பதில் வரும்: சர்வர், இழை, ஒன்றியத்துப் பெட்டி, மைக்ரோவேவ் தட்டு, டவர், பேட்டரி, ரேஷன் கடை மிஷின், வேலை செய்து தேய்ந்துபோன அவருடைய ரேகை. ஒன்று போனாலும் அரிசி இல்லை. அப்படியிருக்க, எல்லாக் கண்ணியும் எப்போதும் தாங்கும் என்ற நம்பிக்கையில் விதிகளை எழுதுவதுதான் பெரிய அநியாயம். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் எல்லாம் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து வருகை பதியச் சொன்னார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் படத்தைப் பிடித்து வைத்துப் பிறகு ஏற்றலாம்தான். அந்தப் 'பிறகு' என்பது, வேலை முடிந்து களைத்த ஒருவர் சிக்னல் உள்ள பாறை வரைக்கும் ஏறுவது. ஏறாத படத்துக்கான கூலியைக் கேட்டு அலைவது தொழிலாளி.

இது ஜவ்வாது மலையின் கதை மட்டும் இல்லை. 2024-இல் உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்குச் சொன்னது. நகரங்களில் நூற்றுக்கு 83 பேர் இணையம் பயன்படுத்த, கிராமங்களில் 48 பேர்தான். நம் நாட்டுக் கிராமங்களில் இன்னொரு பந்தியும் பிரிந்து கிடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையாவது இணையம் பயன்படுத்திய ஊர்ப்புற ஆண்கள் நூற்றுக்கு 48.7, பெண்கள் 24.6. வீட்டில் ஒரே போன், அது வேலைக்குப் போகும் ஆணின் சட்டைப்பையில். டவர் வந்தாலும் அந்தப் பெண்ணின் இலைக்கு எதுவும் வராது.

ஆகவே மலையடிவாரத்திலோ மலைமேலோ இருக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. டவர் இல்லை என்று பொதுவாக மனு எழுதாதீர்கள், எந்தக் கண்ணி என்று எழுதுங்கள். புள்ளியே இல்லையென்றால் டவர் கேளுங்கள். புள்ளி இருந்தும் யாருக்கும் எதுவும் திறக்கவில்லையென்றால் டவருக்கு இழை இணைப்புக் கேளுங்கள். கரண்ட் போனதும் சிக்னலும் போகிறதென்றால் பேட்டரியும் சோலாரும் கேளுங்கள். ஊராட்சி அலுவலகத்துப் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள். எரியவில்லையென்றால் யாருக்குப் போன் செய்வது என்று கேட்டு, அந்த எண்ணைச் சுவரில் எழுதச் சொல்லுங்கள்.

காப்புக்காடு குறுக்கே இருக்கிறது, வனத்துறை விடாது என்று சொன்னால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் காட்டுங்கள். பள்ளி, சாலை, குடிநீர் ஆகியவற்றோடு மின்கம்பிக்கும் தொலைத்தொடர்புக் கம்பிக்கும் அதில் இடம் உண்டு. ஒரு வேலைக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அதாவது முதல் கையெழுத்து உங்களுடையது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். ஒன்று, எந்தக் கண்ணி அறுந்திருக்கிறதோ அதைச் சரிசெய்ய வேண்டும் என்று. இரண்டு, அது சரியாகும் வரை ரேஷனுக்கும் கூலிக்கும் காகிதப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று. எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.